பட்டறை பதில்கள்: 3,500 டாலரில் 300 குதிரை வருமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பழைய அமெரிக்க வி-8 கார், கையில் அளவான காசு, மனசில் அளவில்லாத பவர். அதனால் பிரேக், ஏசி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அந்த வாசகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஓஹையோ வாசகர் ஒருவர்

*அண்ணா, என்னிடம் 1972 செவர்லே செவெல் இருக்கிறது. 350 கன அங்குல இன்ஜின், இரண்டு பேரல் கார்பரேட்டர், ஆட்டோமேட்டிக். ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. புத்தகத்தில் இதற்கு 165 ஹெச்பி என்று போட்டிருக்கிறார்கள். நண்பனின் 1970 மாடலில் கிட்டத்தட்ட அதே இன்ஜினுக்கு 250. என் கார் மட்டும் என்ன பாவம் செய்தது? 3,500 டாலர் சேர்த்து வைத்திருக்கிறேன். 300 ஹெச்பி வேண்டும். முதலில் அலுமினிய ஹெட் வாங்கட்டுமா, கேம் வாங்கட்டுமா?*

சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டோ, வால்வைத் திறந்து மூடும் கேம் தண்டோ, முதலில் எதையும் வாங்காதீர்கள், தம்பி.

அந்த 250க்கும் 165க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ரொம்ப நொந்துபோக வேண்டாம். அதில் பெரும்பகுதி அளந்த முறையால் வந்தது. 1971 வரை இன்ஜினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், காரின் சொந்த சைலன்சர் எதுவும் இல்லாமல் ஓடவிட்டு வந்த எண்ணை விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்த எண். 1971ல் செவர்லே இதே இன்ஜினுக்கு இரண்டு எண்ணையும் கொடுத்தது: பழைய முறையில் 245, புது முறையில் 165. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக கம்ப்ரஷனை, அதாவது கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற எண்ணைக் குறைத்ததில் கொஞ்சம் நிஜமாகவே போனது. அந்தக் கொஞ்சத்தை மீட்பதில்தான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

இன்ஜினை இறக்கிப் பிரியுங்கள். ஹெட்டைக் கழற்றியதும் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு படியில் தடுக்கினால், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் ஓடி ஓடிச் சுவரைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். ரிங் எட்டாத மேல்பகுதி மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. அந்தப் படியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரைத் தேய்க்கும் ஹோன் குச்சியை விட்டு ஆட்டி, புது ரிங் போட்டு மூடினால் மிச்சம் என்று சொல்ல ஆள் இருப்பார்கள். கேட்காதீர்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கும் ஓட்டையில் எந்த ரிங்கும் ஒழுங்காக உட்காராது. நீங்கள் போடும் கேம், ஹெட், கார்பரேட்டர் எல்லாம் சேர்த்து உண்டாக்கும் அழுத்தம் அந்த ரிங் வழியாகக் கீழே ஓடும்.

நான் பிழைப்பதே சிலிண்டர் ஓட்டையைக் குடைந்து பெரிதாக்கும் போர் மெஷினில். அதனால் பட்டறைக்குச் சாதகமாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும். 3,500ல் ஏறக்குறைய 1,300 டாலரைக் கண்ணுக்கே தெரியாத வேலைக்கு ஒதுக்குங்கள். சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்கைக் கழுவி விரிசல் பார்ப்பது, போர் செய்து ஹோன் செய்வது, கிராங்க் தண்டை பாலிஷ் போடுவது அல்லது கிரைண்ட் செய்வது, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் புது போல்ட் போட்டு அதன் வட்டத்தைச் சரிசெய்வது, புது பிஸ்டன் எடைக்கு ஏற்ப பேலன்ஸ் செய்வது, இவ்வளவும் அதில் அடக்கம். ஊருக்கு ஊர் விலை மாறும், மூன்று இடத்தில் கேளுங்கள். ராடு போல்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஓடும்போது அது அறுந்தால் ராடு பிளாக்கின் பக்கவாட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

பட்டறைக்குப் போகும் முன் பிஸ்டனை வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். 30 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஓவர்சைஸ் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் எட்டு பிஸ்டனும் மயிரிழை வித்தியாசத்தில் இருக்கும். நல்ல பட்டறையில் ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்ப அந்தந்த சிலிண்டரை ஹோன் செய்வார்கள். ஹோன் செய்யும்போது ஹெட் இருக்கும் இடத்தில் ஒரு கனமான இரும்புத் தட்டை முறுக்கி மாட்டுவார்களா என்றும் கேளுங்கள். ஹெட் போல்டை 65 அடி-பவுண்டுக்கு இறுக்கும்போது சிலிண்டர் வட்டம் லேசாக நெளியும். தட்டை மாட்டிவிட்டு ஹோன் செய்தால், பிறகு ஹெட் ஏறும்போது வட்டம் வட்டமாகவே இருக்கும்.

உங்கள் பிளாக்கில் கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புக்கு இரண்டு போல்ட்தான் இருக்கும். நான்கு போல்ட் பிளாக் தேடி அலைய வேண்டாம். தெருவில் ஓட்டும் 300, 350 ஹெச்பிக்கு இரண்டு போல்ட்டும் வார்ப்பு கிராங்கும் தாங்கும். நான்கு போல்ட் என்பது பெரும்பாலும் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளத்தான்.

இப்போது பவர் எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு. 4.030 அங்குல போரும் 3.48 அங்குல ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) சேர்ந்தால் ஒரு சிலிண்டர் 727 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடத்தைக் கூட்டுங்கள். உங்கள் பழைய ஹெட் குழி 76 சிசி. கேஸ்கெட் சுமார் 8.4. பிஸ்டன் டெக்குக்கு, அதாவது பிளாக்கின் மேல்தளத்துக்கு, 25 தௌ கீழே நின்றால் 5.2. பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டிய பள்ளம் 6. மொத்தம் 96 சிசிக்குப் பக்கம். 727ஐயும் 96ஐயும் கூட்டி 96ஆல் வகுத்தால் 8.6. கிட்டத்தட்ட கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன்தான். அதாவது தட்டையான புது பிஸ்டன் போட்டும் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்கள். அதே இன்ஜினில் 64 சிசி குழி உள்ள ஹெட் வைத்தால் 9.7 ஆகிவிடும்.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி 40 தௌ பக்கம் இருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அங்கிருக்கும் கலவை பிதுங்கி பிளக் பக்கம் பாயும். கலவை வேகமாக எரியும், தட்டுச் சத்தம் குறையும். மேலே சொன்ன கணக்கில், கேஸ்கெட் கனத்தையும் சேர்த்து, இடைவெளி 64 தௌ. அது அதிகம். டெக்கை 20 தௌ சீவச் சொல்லுங்கள், இடைவெளி 44க்கு வரும். ஆனால் தட்டை பிஸ்டனோடு சீவினால் கம்ப்ரஷன் 10.2க்குப் போய்விடும். இரும்பு ஹெட்டுக்கு அது விளிம்பில் நிற்கிற எண். அதனால் 12 சிசி குழி உள்ள பிஸ்டன் வாங்குங்கள், 9.5ல் வந்து நிற்கும். குழி டி எழுத்து வடிவத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் எதிர்ப்பக்கம் தட்டையாக மிஞ்சும். முழு வட்டக் குழி என்றால் பிதுக்குவதற்கு ஒன்றும் இருக்காது. தட்டை பிஸ்டனைத் தொளதொளவென்று வைப்பதைவிட, குழி பிஸ்டனை நெருக்கி வைப்பது சாதாரண பெட்ரோலில் நிம்மதியாக ஓடும்.

மிச்சக் காசில் காயலான் கடையிலிருந்து 64 சிசி ஹெட் ஒரு ஜோடி, மிதமான கேம், கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இரட்டைத் தள மேனிஃபோல்டு, நான்கு பேரல் கார்பரேட்டர், புகை வெளியேற சாதாரண ஹெடர் குழாய். 300ஐத் தாண்டும். குரோம் வால்வு கவர் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

டென்னசி வாசகர்

*பழைய ட்ரக்கிலிருந்து 906 என்று எண் போட்ட வோர்டெக் ஹெட் மலிவாகக் கிடைக்கிறது. என் 1969 பிளாக்கில் உட்காருமா?*

உட்காரும். மேலே ஓஹையோ தம்பிக்குச் சொன்ன காயலான் கடை ஹெட்டும் இதுதான். 1996லிருந்து செவர்லே ட்ரக், வேன் 350களில் வந்தது. 906, 062 இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. இரும்பு ஹெட்டில் இந்த விலைக்கு இவ்வளவு காற்று விடுவது வேறில்லை.

ஆனால் ஹெட் விலையோடு கணக்கு முடியாது. உங்கள் பழைய மேனிஃபோல்டு இதில் சேராது. வோர்டெக்குக்கு எட்டு போல்ட் செங்குத்தாக இறங்கும், பழையதில் பன்னிரண்டு. அதற்கென்று செய்த மேனிஃபோல்டு வாங்கியாக வேண்டும். வால்வு கவர் நடுவில் போல்ட் உள்ள வகை. வால்வை அமுக்கும் ராக்கர் ஆர்ம் தன்னைத்தானே நேர்படுத்திக்கொள்ளும் வகை. பழைய ராக்கரை மாட்டினால் அது வால்வு தண்டை விட்டு நழுவும். முக்கியமாக, கம்பெனி ஸ்பிரிங்கோடு வால்வு லிஃப்ட் 0.450 அங்குலத்தைத் தாண்ட ஆரம்பித்தால் மேலே ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிடெய்னர் கீழே இறங்கி சீலில் முட்டும். அதைவிடப் பெரிய கேம் என்றால் வால்வு தண்டு ஓடும் கைட்டின் மேல்பகுதியைச் சீவி, ஸ்பிரிங் மாற்ற வேண்டும். இரண்டு வால்வு சீட்டுக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா என்று சோதிக்காமல் காசை நீட்டாதீர்கள்.

ஹெட்டை மட்டும் கழற்றுவதற்குப் பதில் அந்த ட்ரக் இன்ஜினையே முழுசாகத் தூக்கிக்கொண்டு வர முடியுமா என்றும் யோசியுங்கள். உள்ளே ரோலர் கேம் இருக்கும், அதில் லிஃப்டர் உரசாமல் உருளும். அடுத்த கடிதத்தைப் படித்தால் அதன் அருமை புரியும். 1986லிருந்து கிராங்கின் பின் சீல் மாறிவிட்டதால், அதன் பின்னால் மாட்டும் ஃப்ளெக்ஸ் பிளேட்டும் அதற்குரியதாக வேண்டும். அதை மறந்துவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் கடை கடையாக அலைபவர்கள் நிறைய.

பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

*ஐயா, ஒரு பட்டறையில் 350 இன்ஜினை ரீபில்ட் செய்து வாங்கினேன். புது கேம், புது லிஃப்டர். ஒரே வாரத்தில் டிக் டிக் என்று சத்தம். திறந்து பார்த்தால் இரண்டு கேம் மூக்கு வட்டமாகத் தேய்ந்து கிடக்கிறது. கேம் மட்டமான சரக்கா, ஆயில் தப்பா?*

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அந்த முதல் அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கேம் மேல் உட்கார்ந்து வால்வுக்கு அசைவைக் கடத்தும் துண்டுதான் லிஃப்டர். தட்டை லிஃப்டர் என்று பெயர்தான். அதன் அடிப்பாகம் லேசாகக் குவிந்திருக்கும், கேம் மூக்கும் ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். அதனால் கேம் தூக்கும்போதெல்லாம் லிஃப்டர் தன் அச்சில் கொஞ்சம் சுற்றும். சுற்றும்வரை பிரச்சினை இல்லை. நின்றுவிட்டால் ஒரே இடத்தில் உரசி, சில நிமிடங்களில் மூக்கு மழுங்கிவிடும். கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுழன்று தெறிப்பதில்தான் கிடைக்கிறது. ஐடிலில் தெறிப்பு போதாது. அதனால்தான் முதல் ஸ்டார்ட்டில் உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி, 2,000க்கும் 2,500க்கும் நடுவில் ஏற்றி இறக்கி, 20 முதல் 30 நிமிடம் ஓட்ட வேண்டும். ஐடிலில் விட்டுவிட்டு ‘அடடா, என்ன சத்தம்!’ என்று வீடியோ எடுக்கும் நேரத்தில் கேம் போய்விடும்.

இன்ஜின் முதல் சுற்றிலேயே பற்றிக்கொள்ள வேண்டும். கார்பரேட்டர் கிண்ணத்தில் முன்பே பெட்ரோல் ஊற்றி வையுங்கள், டைமிங்கைச் சரியாக வைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டரை நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தால் மூக்கில் தடவிய பேஸ்ட் வழித்துக்கொண்டு போய்விடும். இரட்டை வால்வு ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இந்த அரை மணி நேரத்தை ஓட்டுங்கள். ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டை வழியாக டிரில்லை விட்டு ஆயில் பம்பைச் சுற்றி, ராக்கர் வரை ஆயில் வருகிறதா என்று பாருங்கள். செவர்லே இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பே ஆயில் பாதையின் ஒரு சுவராக இருக்கிறது. வெறும் கம்பியை விட்டுச் சுற்றினால் ஆயில் அங்கேயே கசிந்துவிடும். அதே அளவு உருளை உள்ள கருவி வேண்டும், அல்லது பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் பல்லை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

ஆயில் விஷயத்திலும் உண்மை இருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடாமல் இருக்க, இன்றைய கார் ஆயில்களில் ஜிங்க், பாஸ்பரஸ் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள். தட்டை லிஃப்டருக்கு அதுதான் கவசம். முதல் ஓட்டத்துக்கென்றே பிரேக்-இன் ஆயில் என்று தனியாக விற்கிறார்கள், அதைப் போடுங்கள்.

கசப்பான செய்தி ஒன்று. தேய்ந்த இரும்புத் தூள் இப்போது பேரிங், ஆயில் பம்ப், ஆயில் பாதை எல்லாவற்றிலும் இருக்கிறது. புது கேமை மட்டும் சொருகி மூடினால் அடுத்து பேரிங் போகும். முழுசாகப் பிரித்துக் கழுவ வேண்டும். புது கேமில் பழைய லிஃப்டரை ஒருபோதும் போடாதீர்கள். பட்டறையோடு சண்டை போடும் முன், பிரேக்-இன் செய்தது அவர்களா நீங்களா என்று மட்டும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் வாசகர்

*சிக்னலில் நிற்கும்போது கார் குலுங்க வேண்டும், டொக்... டொக்... என்று அடிக்க வேண்டும். 3.08 பல் விகிதம் உள்ள பின் ஆக்சில், சாதாரண ஆட்டோமேட்டிக், வேக்கும் பிரேக். எவ்வளவு பெரிய கேம் போடலாம்?*

உங்களுக்கு வேண்டியது பவரா, சத்தமா? அந்தக் குலுங்கல், உள்ளே வரும் வால்வும் வெளியே போகும் வால்வும் ஒரே நேரத்தில் அதிக நேரம் திறந்திருப்பதால் வருவது. மெதுவாக ஓடும்போது எரிந்த புகை திரும்பி மேனிஃபோல்டுக்குள் ஏறுகிறது, கலவை ஒழுங்காகப் பற்றுவதில்லை. நீங்கள் ரசிக்கும் தாளம் இன்ஜின் தடுமாறுகிற சத்தம். 4,000க்கு மேல் அதே கேம் பறக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 3.08 ஆக்சிலோடு நீங்கள் ஊருக்குள் 4,000ஐ எத்தனை தடவை பார்க்கப் போகிறீர்கள்?

வால்வு திறந்திருக்கும் காலம், அதாவது 50 தௌ லிஃப்டில் அளந்த டியூரேஷன், 215லிருந்து 224 டிகிரிக்குள் நில்லுங்கள். அதற்கு மேலே போனால் ஆட்டோமேட்டிக்கின் டார்க் கன்வெர்ட்டர் மாற்ற வேண்டும், ஆக்சில் பல் மாற்ற வேண்டும், இன்ஜின் உறிஞ்சும் வேக்கும் குறைந்து பிரேக் மிதி கட்டையாகிவிடும். 200 டாலர் கேமுக்குப் பின்னால் ஆயிரம் டாலர் செலவு வரிசையில் நிற்கும்.

அதே டெக்சாஸ் வாசகர், அடுத்த பக்கத்தில்

*கூடவே 750 சிஎஃப்எம் கார்பரேட்டர் ஒன்று சும்மா கிடைக்கிறது. போடட்டுமா?*

சும்மா கிடைக்கிறதே என்று எதையும் மாட்டக் கூடாது. சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456ஆல் வகுக்கவும். 30 தௌ போர் செய்த 350 என்றால் 355. 355 பெருக்கல் 5,500, வகுத்தால் 565. எந்தத் தெரு இன்ஜினும் முழுசாக மூச்சு இழுக்காது, 85 சதவீதம் என்று வைத்தால் 480. ஆக 600 சிஎஃப்எம், வேக்கும் செகண்டரி உள்ளது, தாராளம். 750ஐ விற்றுவிட்டு அந்தக் காசில் நல்ல டைமிங் லைட் வாங்குங்கள். பிளக் முன்கூட்டியே பற்றவைக்கும் மொத்த அட்வான்ஸ் 34லிருந்து 36 டிகிரி, வோர்டெக் ஹெட் என்றால் 32லிருந்து தொடங்குங்கள். பலருடைய காரில் தொலைந்துபோன 20 குதிரை டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பியதும் திரும்பி வந்திருக்கிறது.

ஜார்ஜியா வாசகி

*மாமனார் விட்டுச்சென்ற 1968 ஃபோர்டு மஸ்டாங், 302 இன்ஜின். 1998 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 5.0 லிட்டர் இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது. மாற்றலாமா, அண்ணா?*

தாராளமாக, சகோதரி. நல்ல ஹெட், ரோலர் கேம், எல்லாம் சேர்ந்தே வருகிறது. மூன்றை மட்டும் கவனியுங்கள். பழைய 302ல் பற்றும் வரிசை 1-5-4-2-6-3-7-8. எக்ஸ்ப்ளோரரில் 1-3-7-2-6-5-4-8. பிளக் ஒயரைப் பழைய ஞாபகத்தில் மாட்டினால் கார்பரேட்டர் வழியாகச் சுடும். அடுத்தது, பழையதில் பேலன்ஸ் 28 அவுன்ஸ், புதியதில் 50. கிராங்கின் முன் டேம்பரும் பின் ஃப்ளெக்ஸ் பிளேட்டும் இன்ஜினோடு சேர்ந்தே வர வேண்டும், பழையதைக் கலக்கினால் உதறி உதறியே பேரிங்கைக் கொன்றுவிடும். மூன்றாவது, அந்த ஹெட்டில் பிளக் நிற்கும் கோணம் வேறு, சாதாரண ஹெடர் குழாயில் முட்டும். அந்த ஹெட்டின் பெயர் ஜிடி40பி, அதற்கென்று உள்ள ஹெடரைக் கேட்டு வாங்குங்கள்.

இல்லினாய்ஸ் வாசகர்

*1974 ஃபயர்பேர்டில் 350 இருக்கிறது. மலிவாகக் கிடைத்த 350 ஹெட், மேனிஃபோல்டு வாங்கினேன். ஒரு ஓட்டைகூடச் சேரவில்லை.*

சேராது. உங்களுடையது பான்டியாக் 350, வாங்கியது செவர்லே 350. ஜெனரல் மோட்டார்ஸில் செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் நான்கும் ஆளுக்கொரு 350 வைத்திருந்தன. எண் ஒன்று, இன்ஜின் வேறு வேறு. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். பான்டியாக்கில் ஒரு நல்ல விஷயம், 326லிருந்து 455 வரை வெளி அளவு ஒன்றுதான். பழுதில்லாத 400 கிடைத்தால் உங்கள் 350 இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். 350க்குச் செலவழிப்பதைவிட எனக்கு அதுவே தேவலை என்று தோன்றுகிறது.

கலிஃபோர்னியா வாசகர்

*1977 கமாரோவில் இதெல்லாம் செய்யலாமா?*

உங்கள் மாநிலத்தில் 1975 மாடல் வரைதான் புகைச் சோதனை கிடையாது. உங்களுக்கு உண்டு. மாட்டும் மேனிஃபோல்டு, ஹெடர், கேம் ஒவ்வொன்றுக்கும் மாநில காற்று வாரியத்தின் விலக்கு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே செய்யும் போர், பேலன்ஸ், இடைவெளி வேலைகளுக்கு அந்தத் தலைவலி இல்லை.

மிச்சிகன் வாசகர்

*1970 நோவா, பிறந்த இன்ஜினோடு இருக்கிறது. அதையே ரீபில்ட் செய்யலாமா, வேறு பிளாக் தேடலாமா?*

பவர் ஏற்றுவதற்கு வேறு பிளாக் தேடுங்கள், 350 பிளாக்குக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. ஒரிஜினலை ஆயில் தடவி, பிளாஸ்டிக் சுற்றி மூலையில் வையுங்கள். காரை விற்கும் நாளில் அதற்குத் தனி விலை உண்டு. இல்லை, அதையேதான் செய்வேன் என்றால் ஒன்று சொல்கிறேன். வலப்பக்க ஹெட்டுக்கு முன்னால், டெக்கின் நீட்சியாக ஒரு சின்ன மேடை இருக்கும். இன்ஜின் குறியீடும் கார் எண்ணின் பகுதியும் அதில்தான் குத்தியிருக்கிறது. டெக்கைச் சீவினால் அந்த எண்ணும் சேர்ந்து போய்விடும், பிறகு அது பிறந்த இன்ஜின் என்று யாரும் நம்ப மாட்டார்கள். பட்டறையில் விடும்போது வாயால் சொன்னால் போதாது. முன்பக்கம் ‘மேடையைத் தொடாதே’ என்று பெயின்ட் மார்க்கரில் எழுதி, ரசீதிலும் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள்.